ஒரு குண்டும் விழாமல் மூடிய துறைமுகம்

செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டதைப் பற்றிய பேச்சில் வாசகர் ஒருவர் கேட்டார்: “நாலைந்து கப்பலை அடித்தால் மற்ற நூறு கப்பல் ஏன் வழியை மாற்ற வேண்டும்? எதிரி துறைமுகத்துக்குள் வரவே இல்லையே?” நல்ல கேள்வி. இதற்கு விடை, 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரான்சின் நாந்த் நகரத்துக்கு என்ன ஆயிற்று என்பதில் இருக்கிறது. அந்தப் போரில் நாந்த் மேல் யாரும் படையெடுக்கவில்லை. ஆனாலும் அதன் பெருந்தொழில் ஏறத்தாழ நின்றே போனது. அந்தப் பெருந்தொழில், மனிதர்களை வாங்கி விற்பது.

முக்கோண வணிகம் பள்ளிப் பாடத்திலேயே வருவதுதான். சரக்கோடு ஆப்பிரிக்காவுக்கு, அங்கிருந்து அடிமைகளோடு கரீபியத் தீவுகளுக்கு, அங்கிருந்து சர்க்கரையோடு ஊருக்கு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. பிரான்சின் அடிமைக் கப்பல் பயணங்களில் ஐந்தில் இரண்டு பங்கு நாந்திலிருந்துதான் கிளம்பின. இன்று அந்த ஊரின் ஆற்றங்கரையில், 2012-இல் திறந்த நினைவிடத்தின் தரையில் 2,000 கண்ணாடிப் பட்டயங்கள் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் இருப்பவை கப்பல்களின் பெயர்கள்.

முதல் கட்டச் சரக்கில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் நம் ஊர் இருக்கிறது. துப்பாக்கி, வெடிமருந்து, பிராந்தி, இரும்புக் கட்டி, மாலத்தீவுச் சோழி எல்லாம் போயின. எல்லாவற்றையும்விட முக்கியம் துணி, அதிலும் இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரி நீலத்தில் தோய்த்து, பாண்டிச்சேரியில் கப்பலேறிய நீலப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே ‘கினே’. கினி என்னும் ஆப்பிரிக்கக் கரையில் விற்பதற்கென்றே உள்ள துணி என்று பொருள். பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி அதை லோரியான் துறைமுகத்தில் ஏலம் விடும்; நாந்த் முதலாளிகள் அங்கே போய் எடுத்து வருவார்கள். ஐரோப்பாவில் இதற்குப் போலி செய்து பார்த்தார்கள். ஆப்பிரிக்க வணிகர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள். உடல் வலுவுள்ள ஓர் இளைஞனைக் கணக்கேட்டில் எழுத அந்த வணிகத்தில் வழங்கிய சொல் ‘பியேஸ் தேந்த்’, அதாவது ‘இந்தியத் துண்டு’. துணியை எண்ணிய சொல்லாலேயே ஆளையும் எண்ணினார்கள்.

இனி போர். முதல் அடி, போர் அறிவிப்பதற்கு முன்பே விழுந்தது. 1755-இல் பிரிட்டிஷ் கடற்படை ஏறத்தாழ 300 பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தது. சுமார் 6,000 மாலுமிகள் சிறைப்பட்டார்கள். கப்பலை மறுபடி கட்டிக்கொள்ளலாம். பாய்மரத்தில் ஏறி இறங்கத் தெரிந்த ஆளை உருவாக்க வருடங்கள் ஆகும். போதாததற்கு, பிரான்சில் மாலுமிகள் எல்லோரும் அரசுப் பதிவேட்டில் இருப்பவர்கள். போர் என்றால் முறைவைத்து அரசுக் கப்பலுக்கு இழுத்துக்கொள்வார்கள். அடிமைக் கப்பலுக்கோ, கைதிகளைக் காவல் காக்க வேண்டியிருப்பதால், அதே அளவுள்ள சாதாரணக் கப்பலைவிட ஆள் கூடுதலாகத் தேவை. ஆகவே ஆள் பஞ்சம் அதைத்தான் முதலில் கடித்தது.

இரண்டாவது, ஆறு. நாந்த் கடற்கரையில் இல்லை. லுவார் ஆற்றில் ஏறத்தாழ 50 கி.மீ. உள்ளே இருக்கிறது. மணல் திட்டு நிறைந்த ஆறு. பெரிய கப்பல் முகத்துவாரத்துக்கு அருகே பாம்பெஃப் என்னும் இடத்திலேயே நின்றுவிடும். சரக்கைத் தட்டைப் படகுகளில் ஏற்றி இறக்குவார்கள். கடலுக்குப் போக வற்றம் (கடல்நீர் இறங்கும் நேரம்) வேண்டும், கூடவே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றும் வேண்டும். அக்காலத்துச் சதுரப் பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 65 பாகைக்குமேல் நெருங்கிப் போகாது. நம் கடற்கரைச் சொல்லில் சொன்னால், கச்சான் (மேற்குக் காற்று) அடித்தால் உள்ளேயே கிடக்க வேண்டும். கொண்டல் (கிழக்குக் காற்று) வந்தால் கிளம்பலாம். அங்கே பெரும்பாலும் கச்சான்தான்.

முற்றுகையிடுபவனுக்கு இது பெரிய வசதி. கச்சான் நாட்களில் காவலே வேண்டாம், காற்றே பூட்டிவிடும். கொண்டல் வீசும் சில நாட்களில் வாசலில் நின்றால் போதும். 1759 நவம்பர் 20 அன்று, சற்று வடமேற்கே உள்ள கிபெரோன் விரிகுடாவில், புயலுக்கு நடுவே ஹாக் என்ற பிரிட்டிஷ் தளபதி பிரெஞ்சுக் கடற்படையைச் சிதறடித்தார். தப்பிய கப்பல்களில் ஏழு, விலேன் ஆற்றுக்குள் ஓடி ஒளிந்து ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே சேற்றில் கிடந்தன. அதன்பின் அந்த விரிகுடாவே பிரிட்டிஷ்காரர்களின் நங்கூரத் தளமாயிற்று.

ஆனால் முற்றுகை என்பது சல்லடை. இரவில், மூடுபனியில் கப்பல்கள் நழுவிப் போய்க்கொண்டுதான் இருந்தன. மீதியை அடைத்தது காப்பீட்டுக் கணக்கு. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு முதலாளி கப்பல், சரக்கு, சம்பள முன்பணம் எல்லாம் சேர்த்து 2 லட்சம் லீவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) போடுகிறார் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அமைதிக் காலம், காப்பீட்டுக் கட்டணம் நூற்றுக்கு 5. அவர் 2 லட்சத்துக்குக் காப்பீடு எடுத்தால் கட்டணம் 10,000. கப்பல் மூழ்கினால் 2 லட்சம் வரும். அதில் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள். கையில் 1,90,000. பத்தாயிரம் நட்டம். அதையும் ஈடுகட்ட என்ன செய்யலாம்? அந்தப் பத்தாயிரத்துக்கும் காப்பீடு எடுக்கலாம். அதற்குக் கட்டணம் 500. அந்த 500-க்கும் எடுக்கலாம், கட்டணம் 25. இப்படியே போகும். பிரான்சின் 1681-ஆம் ஆண்டுக் கடற்சட்டம் இதை வெளிப்படையாகவே அனுமதித்தது. ‘கட்டணத்தின் கட்டணம்’ என்று அதற்குப் பெயர்.

பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடர் வரிசைதான். கூட்டினால், முழுப் பாதுகாப்புக்கு எடுக்க வேண்டிய தொகை, போட்ட முதலை (1 − கட்டண வீதம்) என்பதால் வகுத்தால் வருவது. 5 சதவீதத்தில் 2,00,000 ÷ 0.95, அதாவது 2,10,526. கட்டணம் 10,526. எளிதாகத் தாங்கலாம்.

இப்போது போர். வீதம் 30 ஆகிறது. 2,00,000 ÷ 0.7 என்றால் 2,85,714. கட்டணம் மட்டும் 85,714. வீதம் 50 ஆனால்? 4 லட்சத்துக்குக் காப்பீடு, கட்டணம் 2 லட்சம். போட்ட முதலுக்குச் சமமாகக் கட்டணம்! ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுக் கப்பல்களுக்கு வீதம் ஐம்பதைத் தொட்ட காலம் உண்டு. வீதம் பத்து மடங்கு ஏறினால் செலவு பத்து மடங்கு ஏறுவதில்லை, பத்தொன்பது மடங்கு ஏறுகிறது. வகுக்கும் எண் சுருங்கச் சுருங்க விடை எகிறும். வரைபடம் போட்டால் கோடு சாய்வாகப் போய்க்கொண்டிருந்து திடீரெனச் செங்குத்தாக எழும். (பொதுவாகப் பத்தில் ஒரு பங்கை உரிமையாளரே சுமக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிட்டேன்.)

வீதம் ஏன் ஐம்பது வரை போக வேண்டும்? மூன்று கட்டத்தில் ஒவ்வொன்றிலும் பிடிபடும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று கொள்ளுங்கள். தப்பும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.512. பாதிக்குப் பாதி. காப்பீடு தருபவர் லாபமே பார்க்காவிட்டாலும் 49 கேட்டாக வேண்டும். நேரே தீவுக்குப் போய்த் திரும்பும் கப்பலுக்கு இரண்டே கட்டம், தப்பும் வாய்ப்பு 0.64. போதாக்குறைக்கு நேர்வழிக் கப்பல்கள் போர்க்கப்பல் துணையோடு கூட்டமாகப் போகலாம். அடிமைக் கப்பலுக்கு அது முடியாது. ஒவ்வொன்றும் வேறு வேறு கரையில், மாதக்கணக்கில் நின்று, ஆள் சேரச் சேர ஏற்றும்; நின்றிருக்கும் நாளெல்லாம் எதிரிக்கு இலக்கு. தீவுகளோடு நேர்வணிகம் நொண்டிக்கொண்டாவது நடந்தபோது அடிமை வணிகம் படுத்துவிட்டதற்கு இந்தக் கணக்கே காரணம். யாருக்கும் மனம் மாறிவிடவில்லை.

செங்கடல் கேள்விக்கும் விடை இங்கேதான். அங்கே போர்க் காப்பீட்டு வீதம் கப்பல் மதிப்பில் ஒரு சதவீதத்தை நெருங்கியபோதே பல நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றப் போய்விட்டன. ஐம்பது சதவீதத்தை எண்ணிப் பாருங்கள்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. ஏழாண்டுப் போருக்கு முந்தைய போரில் பிரெஞ்சுக் கப்பல்கள் பலவற்றுக்குக் காப்பீடு கொடுத்தவர்கள் லண்டன்காரர்கள். பிரிட்டிஷ் கடற்படை கப்பலைப் பிடிக்கும். பிரிட்டிஷ் காப்பீட்டாளர் பிரெஞ்சுக்காரருக்கு நட்ட ஈடு கொடுப்பார். 1748-இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதைத் தடை செய்தது. இப்படிப்பட்ட விவரங்கள், யாரோ சலிக்காமல் காப்பீட்டுப் பத்திரங்களையும் துறைமுகக் கணக்கேடுகளையும் பக்கம் பக்கமாகப் படித்துப் பதிந்ததால் நமக்குத் தெரிகிறவை. அட்லாண்டிக் அடிமைப் பயணங்கள் 36,000-க்கும் மேல் இன்று ஒரே தரவுத்தளத்தில் தேடும்படி கிடைக்கின்றன. நம் கரையின் பழைய கணக்கேடுகளுக்கு இப்படி ஒன்று செய்ய நிதி கேட்டால் “இதனால் என்ன பயன்?” என்பார்கள், சிலை வைக்க மட்டும் அந்தக் கேள்வி வராது.

நாந்த் முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. அடிமைக் கப்பல்கள் வேகமானவை, பீரங்கி உள்ளவை. சிலர் அவற்றை அரசு உரிமம் பெற்ற கொள்ளைக் கப்பல்களாக மாற்றினார்கள். சிலர் நடுநிலை நாடான டச்சுக்காரர்களின் கொடியில் சரக்கு அனுப்பினார்கள். அமைதிக் காலத்தில் அனுமதியில்லாத வணிகத்தைப் போர்க்காலத்திலும் நடுநிலையாளர் செய்யக்கூடாது என்று பிரிட்டன் ஒரு விதியை வகுத்து அந்தக் கப்பல்களையும் பிடித்தது. சிலர் துணி அச்சடிக்கும் பட்டறைகளுக்குத் திரும்பினார்கள். 1686 முதல் பிரான்சில் இருந்த அச்சுத் துணித் தடை 1759-இல்தான் நீங்கியிருந்தது.

சரி, நாந்த் நின்றதால் அட்லாண்டிக்கின் நடுவில் இருந்த மனிதர்களுக்கு விடிவு வந்ததா? இல்லை. பிடிபட்ட பிரெஞ்சு அடிமைக் கப்பலில் இருந்தவர்களைப் பிரிட்டிஷ்காரர்கள் விடுவிக்கவில்லை. கைப்பற்றிய சரக்காகத் தங்கள் தீவுச் சந்தைகளில் விற்றார்கள். 1759-இல் பிரான்சின் கரீபியத் தீவான குவாதலூப் பிரிட்டன் வசமானதும் அதன் தோட்டங்களுக்குப் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கின. முடங்கியது ஒரு துறைமுகம்தான். அதன் வேலையை லிவர்பூல் போன்ற துறைமுகங்கள் எடுத்துக்கொண்டன.

1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. கரீபியத் தீவுகளான குவாதலூப்பும் மார்த்தினிக்கும், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கோரே தீவும் பிரான்சுக்குத் திரும்பின. காப்பீட்டு வீதம் இறங்கியது, மாலுமிகள் சிறையிலிருந்து வந்தார்கள், அதே ஆண்டே நாந்திலிருந்து அடிமைக் கப்பல்கள் மறுபடி கிளம்பின. உடனே சரியாகாதது துணிதான். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி பிரிட்டிஷாரிடம் சரணடைந்திருந்தது. கோட்டையையும் ஊரையும் அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் திரும்பப் பெற்றபோது, கினே மூட்டைகளை அடுக்கிவைக்கக் கிடங்குகளையே முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.