பிள்ளை மானைப் பார்க்க, நான் கடலைக் காட்டினேன்

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெடரிக் கோட்டை வாசலைத் தாண்டினால் மான்கள் நிற்கும். திருகோணமலைக்காரருக்கு அது ஒரு புதினமே இல்லை. பஸ் நிலையத்தடியில் ஆடு மாதிரித் திரிகிற மான்கள்தானே. ஆனால் பதினான்கு மாதப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். தங்கையின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த அன்று, அவள் விரலை நீட்டி "மா" என்றாள். எனக்கோ மேலே ஏறிக் கடலைக் காட்டுகிற அவசரம். "அங்க பாருங்கோ, கடல்! எவ்வளவு பெரிய கடல்!" என்று முகத்தைத் திருப்பினேன். அவள் கழுத்தை வளைத்து மறுபடியும் மானையே பார்த்தாள்.

பின்னால் வந்த அம்மா, பிள்ளைக்கு அம்மம்மா, அப்படியே நின்றுவிட்டார். "ஓம் குஞ்சு, மாஆன். மான் நிக்குது. புல்லுத் தின்னுது." பிள்ளை அம்மம்மாவின் வாயைப் பார்த்தது, மானைப் பார்த்தது, "மா" என்றது. "ஓம், மாஆன்." இப்படியே நாலைந்து தரம். நான் வெயிலில் நின்று கடுப்பானேன்.

பிறகுதான் யோசித்தேன், அங்கே பாடம் நடத்தத் தெரியாதவள் நான்தான். உளவியலாளர் மைக்கேல் டொமசெல்லோவும் அவருடைய சகாவும் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. ஒன்றரை வயதை எட்டும் பிள்ளைகளுக்குப் புதுச் சொற்களை இரண்டு விதமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த பொருளின் பெயரைச் சொன்னபோது சொல் நன்றாகப் பதிந்தது. கவனத்தை வேறு பொருளுக்கு இழுத்துவந்து பெயர் சொன்னபோது அவ்வளவாகப் பதியவில்லை. காரணம் விளங்காததல்ல. பிள்ளையின் காதில் விழுகிற "கடல்" என்ற சத்தம் எதைக் குறிக்கிறது? கண்ணெதிரே இருக்கிற மானையா, சுவரையா, என் விரலையா? கண்ணும் சொல்லும் ஒரே இடத்தில் சந்தித்தால் அந்த ஊகத்துக்கே வேலையில்லை.

அம்மாவின் "மாஆன்" என்ற இழுப்பையும் கவனிக்க வேண்டும். "பிள்ளையோட ஒழுங்காக் கதையுங்கோ அம்மா, பிறகு அதுவும் இப்பிடித்தான் இழுக்கும்" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது பிழை. குழந்தையோடு கதைக்கும்போது நம் குரல் தானாக உயர்கிறது, வேகம் குறைகிறது, வசனம் சுருங்குகிறது, உயிரொலிகள் நீள்கின்றன. 1997இல் பட்ரீஷியா கூல் தலைமையிலான குழு அமெரிக்கா, ரஷ்யா, சுவீடன் ஆகிய மூன்று நாட்டுத் தாய்மாரின் பேச்சை அளந்து பார்த்தது. மூன்று மொழியிலும் ஆ, ஈ, ஊ போன்ற ஒலிகள் ஒன்றிலிருந்து ஒன்று அதிகம் விலகி, தெளிவாக ஒலித்தன. பெரியவர்களோடு கதைக்கும்போது நாம் ஒலிகளைக் கசக்கிப் பிழிந்துவிடுகிறோம், குழந்தையிடம்தான் விரித்துக் காட்டுகிறோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அவுஸ்திரேலியாவில் டெனிஸ் பர்ன்ஹாமும் சகாக்களும் 2002இல் செய்த ஒப்பீடு. தாய்மார் தங்கள் குழந்தையோடும், வீட்டு நாய் பூனையோடும், பெரியவர்களோடும் கதைப்பதைப் பதிவு செய்தார்கள். நாய் பூனையோடும் குரல் உயர்ந்தது, கொஞ்சல் இருந்தது. ஆனால் உயிரொலிகள் விரிந்தது குழந்தையிடம் மட்டும்தான். பூனை ஒருநாளும் திருப்பிக் கதைக்கப் போவதில்லை என்று நம் வாய்க்குத் தெரிந்திருக்கிறது போல.

கொஞ்சல் சொற்கள் வேறு சங்கதி. சோற்றுக்கு "மம்மம்" என்பது போன்றவை. 2018இல் ஸ்கொட்லாந்தில் 47 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், இப்படி அசை இரட்டிக்கும் சொற்களையும் செல்லச் சுருக்கங்களையும் அதிகம் கேட்டவர்களின் சொல்வளம் வேகமாக வளர்ந்தது தெரிந்தது. 47 பிள்ளைகளை வைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் "மம்மம்" பிள்ளையைக் கெடுக்கும் என்று இனி நான் அம்மாவிடம் வாதாடவும் மாட்டேன்.

சொல் வருவதற்கு வெகு முன்பே காது வேலையைத் தொடங்கிவிடுகிறது. பட்டு, பத்து. நமக்கு இரண்டும் வேறு சொல் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த பெரியவருக்கு அந்த டகரமும் தகரமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் கேட்கும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வில் ஹிந்தியின் இதே ட-த வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானோர் பிரித்தறிந்தார்கள். பத்து மாதம் தாண்டி ஒரு வயதை நெருங்கியவர்களில் மிகச் சிலருக்கே அது முடிந்தது. சுற்றியுள்ளவர்கள் எந்த ஒலிகளைப் பயன்படுத்துகிறார்களோ அவற்றுக்குக் காது கூர்மையாகிறது, மற்றவை மங்குகின்றன. (நாங்கள் பழம் என்று எழுதிவிட்டுப் பளம் என்று கதைக்கிற ஆட்கள். ழகரம் வராத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஏசும்போது இதையும் நினைக்கலாம்.)

அந்தக் காதைக் கூர்மையாக்க வானொலியோ தொலைக்காட்சியோ போதுமா? கூல் 2003இல் இதையும் சோதித்தார். அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழி கேட்க வைத்தார். ஒரு குழுவோடு சீன மொழிக்காரர் நேரில் இருந்து விளையாடினார், கதைத்தார். இன்னொரு குழு அதே ஆட்களைத் திரையில் பார்த்தது, மற்றது ஒலியை மட்டும் கேட்டது. நேரில் விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். மற்ற இரண்டு குழுவும் எதுவுமே கற்கவில்லை. கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

திரையில் வராத எது நேரில் இருக்கிறது? பிள்ளை சத்தமிட்டால் திருப்பிக் கிடைக்கிற பதில்தான். கோல்ட்ஸ்டீனும் சகாக்களும் 2003இல் எட்டு மாதக் குழந்தைகளின் தாய்மாருக்குக் காதில் கருவி மாட்டி, எப்போது சிரிக்க வேண்டும், எப்போது தொட வேண்டும் என்று சொன்னார்கள். ஒரு பாதித் தாய்மார் குழந்தை சத்தமிட்ட உடனே எதிர்வினை காட்டினார்கள். மறு பாதிக்காரரும் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள், ஆனால் குழந்தையின் சத்தத்தோடு தொடர்பில்லாத நேரத்தில். முதல் குழுக் குழந்தைகளின் மழலைதான் சில நிமிடங்களிலேயே முதிர்ந்தது. அன்பின் அளவு ஒன்றுதான், வேறுபட்டது நேரம்.

பருப்புக் கடைந்து உள்ளங்கையிலிருந்து கக்கத்துக்கு நண்டு ஊர விடுகிற விளையாட்டை எடுத்துப் பாருங்கள். அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவதற்கு முன் ஒரு கணம் கை நிற்கும். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், பிறகு தானே கையை நீட்டி "இன்னொருக்கா" என்று கேட்கும். இப்போது உன் முறை, அடுத்தது என் முறை என்கிற ஒழுங்கு அங்கேதான் முதலில் பழகுகிறது.

1995இல் பெட்டி ஹார்ட், டொட் ரிஸ்லி என்ற இருவர் கன்சாஸில் 42 குடும்பங்களை மாதம் ஒரு மணிநேரம் பார்த்துக் கணக்கிட்டு, நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் வறிய வீட்டுப் பிள்ளைக்கும் காதில் விழும் சொற்களில் மூன்று கோடி வித்தியாசம் என்றார்கள். அந்த எண் உலகெல்லாம் சுற்றியது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சிறு மாதிரி, நீட்டிப் பெருக்கிய கணக்கு. 2019இல் வந்த மறு ஆய்வு ஒன்று, வறிய வீடுகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு என்றும், சுற்றியிருப்போர் தமக்குள் கதைப்பதையும் சேர்த்தால் படம் மாறுகிறது என்றும் காட்டியது.

ஆனால் அந்த 'தமக்குள் கதைப்பது' எவ்வளவு உதவும்? எங்கள் வீடுகளில் சத்தத்துக்குக் குறைவில்லை. மாமி, சித்தி, அடுத்த வீட்டுச் சிங்கள அக்கா, நாடகம், மீன்காரரின் கூவல், எல்லாம் பிள்ளையின் தலைக்கு மேலால் போகும். ஸ்பானிய மொழி பேசும் 29 குடும்பங்களை ஆராய்ந்து அனா வைஸ்லெடரும் ஆன் ஃபெர்னால்டும் 2013இல் எழுதியது இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. ஒரே நாளில் ஒரு பிள்ளையிடம் நேரடியாகச் சொல்லப்பட்ட சொற்கள் 12,000க்கு மேல், இன்னொன்றிடம் வெறும் 670. இரண்டு வயதில் சொல்வளத்தோடு ஒத்துப்போனது இந்த நேர்ப்பேச்சுதான், காதில் விழுந்த பொதுப்பேச்சு அல்ல. (பொலிவியாவின் சிமானே மக்கள் சிறு பிள்ளைகளிடம் நேரடியாகக் கதைப்பது பகலில் மணிக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவர்களின் பிள்ளைகளும் மொழியைக் கற்கத்தான் செய்கிறார்கள். மனிதக் குழந்தை இலேசில் தோற்காது.) 2018இல் ரேச்சல் ரோமியோவின் குழு நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் 36 பேரை ஆராய்ந்தபோது, கேட்ட சொற்களின் எண்ணிக்கையை விட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிக் கதைத்த தடவைகள்தான் மூளையின் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு பொருந்தின.

அடுத்த வீட்டு அக்கா சிங்களத்தில் கொஞ்சுவதால் பிள்ளை குழம்பிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த ஊரில் உண்டு. குழம்பாது. இரண்டு மொழியில் வளரும் பிள்ளையின் சொற்களை இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

பிழை திருத்துவதைப் பற்றியும் கேட்பார்கள். அந்த அக்காவின் மூன்று வயது மகன் ஒருநாள் வேலியடியில் ஆட்டைக் காட்டி "மாடு வந்தான்" என்றான். எல்லோரும் ஒரே குரலில் "மாடு இல்ல, ஆடு!" என்றோம். "வந்தான்" என்பதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ரோஜர் பிரௌனும் கமில் ஹான்லனும் 1970இலேயே இதைக் குறித்திருக்கிறார்கள். பிள்ளை சொன்ன விஷயம் உண்மையில்லை என்றால் பெற்றோர் திருத்துவார்கள், இலக்கணப் பிழையைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அம்மா மட்டும் கொஞ்சம் பிந்தி, "ஓம், ஆடு வந்தது, குழை தின்ன வந்தது" என்றார். ஏசாமல், சரியான வடிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. பிள்ளை கதைக்கப் பிந்தினால் நம் ஊரில் முதல் ஏச்சு தாய்க்குத்தான். காது கேளாமையோ ஓட்டிசமோ தாய் கதைக்காததால் வருவதில்லை. ஒரு வயதாகியும் மழலையோ சைகையோ இல்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேரவில்லை என்றால், "அப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று காத்திராமல் முதலில் காதைச் சோதிக்க வேண்டும்.

அப்புறம் தொலைபேசி. பிள்ளையின் அப்பா கட்டாரில். திரை உதவாது என்றால் அந்த மனுசன் என்ன செய்வார்? 2014இல் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையில், முன்பே பதிவு செய்த காணொளியில் புது வினைச்சொற்களைக் கற்காதவர்கள், நேரடி வீடியோ அழைப்பில் கற்றார்கள். மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இருந்ததுதான் வித்தியாசம். எங்கள் வீட்டில் சிக்கல் இணைப்புத்தான். சத்தம் இரண்டு விநாடி பிந்தி வரும், பதற்றத்தில் அவர் கேள்விக்கு மேல் கேள்வி கேட்பார், பிள்ளை எழும்பிப் போய்விடும். "ஒண்டு கேட்டிட்டுச் சும்மா இருங்கோ" என்று தங்கை சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளை அம்மம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து திரையில் ஒட்டிப் பிடித்தது. அவருக்கு அடிப்பாகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். "செருப்பூ! ஆற்ற செருப்பு?" என்று கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பிள்ளை செருப்பைப் பார்த்தது, திரையைப் பார்த்தது.

"ப்பு."

"ஓம், செருப்பு" என்று இரண்டு விநாடி பிந்தி வந்தது.