பாகுநிலை அச்சு: ஒரு சொல் விளக்கம்

ஓவியக் கண்காட்சிகளில் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் ‘விஸ்காசிட்டி பிரிண்ட்’ என்று எழுதியிருந்தால், தமிழ்ப் பார்வையாளர் பெரும்பாலும் அதைப் படித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் என்றிருந்தால் ஓவியர் கையாண்ட பொருள் எதுவென்று உடனே விளங்கும். இந்தச் சொல்லோ இயற்பியல் வகுப்பிலிருந்து வழிதவறி வந்துவிட்டதைப் போல அங்கே நிற்கிறது. அது உண்மையிலேயே அப்படி வந்த சொல்தான். வந்த வழியைத் தெரிந்துகொண்டால் அதற்குத் தமிழில் எதை வைப்பது என்பதும் ஓரளவு தெளிவாகிவிடும்.

முதலில் பொருள். உலோகத் தகட்டில் கோடுகளைக் கீறியும் அமிலத்தால் அரித்தும் பள்ளங்களை உண்டாக்கி, அப்பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளின் மீது அழுத்தி எடுக்கும் அச்சுமுறை ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. அதில் வண்ணம் வேண்டுமென்றால் வழக்கமாக ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தகடு செய்து, ஒரே தாளை அத்தனை முறையும் அழுத்துபொறிக்குள் செலுத்த வேண்டியிருந்தது. தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே இரண்டாம் வண்ணத்தை முதல் வண்ணத்தின் மேல் மயிரிழை பிசகாமல் உட்காரவைப்பது பெரும்பாடு. பாரிஸ் நகரத்தின் ‘அத்தெலியே 17’ என்னும் அச்சோவியப் பட்டறையில் 1950களில் உருவான முறை இந்தப் பாட்டை நீக்கியது. ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஏற்றி, ஒரே முறை அழுத்தி, முழுப் படத்தையும் எடுத்துவிடலாம். அதைத்தான் விஸ்காசிட்டி அச்சு என்கிறார்கள்.

ஒரு தகட்டின் மேல் பல வண்ணங்கள் கலங்காமல் இருப்பது எப்படி என்பதில்தான் பெயரின் காரணம் இருக்கிறது. தகடு வெவ்வேறு ஆழங்களுக்கு அரிக்கப்பட்டு, படிக்கட்டு வயல்களைப் போல மேடும் தாழ்வுமான தளங்களைக் கொண்டிருக்கும். அடிப்பள்ளங்களில் ஒரு வண்ணத்தைத் தேய்த்து நிரப்பி மேலே துடைத்துவிடுவார்கள். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் மிகுதியாகச் சேர்த்து நெகிழ்த்திய மையைக் கடினமான உருளையில் தடவி லேசாக உருட்டினால், உருளை வளைந்துகொடுக்காததால் மை மேட்டுத் தளங்களில் மட்டும் படியும். மூன்றாவதாக, எண்ணெய் குறைந்த கெட்டி மையை மென்மையான உருளையில் எடுத்து அழுத்தி உருட்டினால், அது தாழ்ந்த தளங்களுக்குள்ளும் இறங்கித் தொடும். ஆனால் ஏற்கெனவே நெகிழ்ந்த மை படர்ந்திருக்கும் மேடுகளில் இந்தக் கெட்டி மை ஒட்டாமல் தன் உருளையிலேயே தங்கிவிடும். வரிசையை மாற்றிக் கெட்டி மையை முதலில் ஏற்றினால் கதை வேறு. அதன்மேல் வரும் நெகிழ்ந்த மை அதனோடு சேர்ந்துகொண்டு இரண்டும் கலந்த நிறத்தைத் தரும். தேர்ந்த ஓவியர் இந்த விலகலையும் கலப்பையும் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு வரவழைத்துக்கொள்வார். ஆக, வண்ணங்களைப் பிரித்துவைக்கும் வேலி மைகளின் இளக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் இடையிலான வேறுபாடே ஆகும்.

இனி மூலம். விஸ்காசிட்டி என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘விஸ்கம்’ என்பது மரக்கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவிச் செடி ஒன்றின் பெயர். அதன் பழங்களை நசுக்கினால் வரும் பசையைக் குச்சிகளில் தடவிக் குருவி பிடித்தார்கள். அதனால் செடியின் பெயரே பசைக்கும் பெயராயிற்று. பசைபோல் இருப்பது ‘விஸ்கோசஸ்’, அந்தத் தன்மை விஸ்காசிட்டி. தாவரவியலில் அந்தச் செடிப் பேரினத்துக்கு இன்றும் விஸ்கம் என்றே பெயர். நம் ஊர் மாமரத்திலும் வேம்பிலும் தொற்றிக்கொள்ளும் புல்லுருவிகளின் பழமும் இதே பிசுபிசுப்புள்ளதுதான். அதைத் தின்னும் சிறு பறவைகள் ஒட்டிக்கொண்ட விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போக, அங்கே அடுத்த புல்லுருவி முளைக்கிறது. வேடனின் பசைக்குச்சியில் தொடங்கிய சொல் பிற்காலத்தில் அறிவியலுக்குள் நுழைந்து, நீர், எண்ணெய் போல ஓடும் பொருளான பாய்மம் தன் ஓட்டத்துக்குத் தானே காட்டும் தடையைக் குறிக்கும் கலைச்சொல்லாகக் கட்டுப்பட்டது.

அறிவியலிலிருந்து ஓவியப் பட்டறைக்கு இச்சொல் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அத்தெலியே 17 பட்டறையை நிறுவிய ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வேதியியலும் நிலவியலும் படித்தவர். 1922 முதல் 1925 வரை ஈரானின் அபாதானில் ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். 1926இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து அருவ ஓவியராகவும் அச்சோவியராகவும் வாழ்ந்த அவர் தொடங்கிய பட்டறை, 1933இல் கம்பாஞ் பிரெமியேர் தெருவின் 17ஆம் எண் கட்டடத்துக்கு மாறியபோது அந்தக் கதவிலக்கமே அதன் பெயராயிற்று. உலகப் போர்க் காலத்தில் நியூயார்க்குக்குப் பட்டறையைக் கொண்டுசென்றிருந்த ஹேட்டர், 1946இல் ‘ஐந்து உருவங்கள்’ என்ற படத்தில் பட்டுத்திரை வழியாகப் பல வண்ணங்களைத் தகட்டில் ஏற்றி ஒரே அழுத்தலில் அச்செடுத்துப் பார்த்திருந்தார். 1950இல் அவர் பாரிஸுக்குத் திரும்பிய பிறகு அங்கு வந்து சேர்ந்த இரண்டு இந்தியர்கள்தாம், பம்பாயைச் சேர்ந்த கைக்கோ மோத்தியும் சித்தூர் மாவட்டத்து நந்தனூரைச் சேர்ந்த கிருஷ்ண ரெட்டியும், அந்தத் தேடலை மையின் இளக்கம் என்னும் திசைக்குத் திருப்பினார்கள்.

கிருஷ்ண ரெட்டியைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1925இல் பிறந்து, சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்று, 1947 முதல் 1949 வரை சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்ராவின் ஓவியப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்திய பிறகே அவர் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போனார். அங்கே அவர் முதன்மையாகக் கற்றது சிற்பம். பாரிஸில் ஒசிப் ஜாட்கினிடமும் மிலானில் மரீனோ மரீனியிடமும் பயின்றார். அந்தச் சிற்பியின் கை அவருடைய தகடுகளில் தெரியும். அமிலத்தோடு நில்லாமல் உளியும் சுரண்டியும் கொண்டு குடைந்து, தகட்டையே ஒரு புடைப்புச் சிற்பமாக்கினார். அச்செடுத்த தாள் படமென்றால் தகடு அதற்கு முந்தைய சிற்பம். ‘நீர்ச்சுழி’ என்று தமிழில் சொல்லத்தக்க 1963ஆம் ஆண்டுப் படத்தில் சுழலின் ஒவ்வொரு நெளிவிலும் நிறம் மாறிக்கொண்டே போவது, தகட்டின் சரிவு மாறுந்தோறும் உருளைகளின் தொடுகை மாறுவதால்தான். நீர், அலை, விதை முளைத்தல் போன்றவற்றை உருவத்தின் விளிம்பு கரைந்துபோகும் அளவுக்கு அருவமாக்கிய அவருக்கு, வண்ணம் வண்ணத்தோடு உறவாடும் இம்முறை பொருத்தமாக அமைந்ததென்று தோன்றுகிறது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018இல் நியூயார்க்கில் மறைந்தார்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். விஸ்காசிட்டிக்கு நம்மிடம் இரண்டு சொற்கள் நன்கு வழங்குகின்றன. ஒன்று பாகுநிலை, மற்றொன்று பிசுக்குமை. பிசுக்கு, பிசின், பிசுபிசுப்பு ஆகியவை ஒரே குடும்பத்துச் சொற்கள் என்பதால் பிசுக்குமை லத்தீன் மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது என்று வாதிடலாம். ஆனால் மூலத்துக்கு அருகில் இருப்பது ஒன்றே தகுதியாகிவிடாது. எண்ணெய்ப் பிசுக்கு என்றதும் நம் மனம் கழுவித் தள்ள வேண்டிய அழுக்கை நினைக்கிறது. ஓர் ஓவியத்தின் அடிக்குறிப்பில் அது உட்காருவது எனக்கு உவப்பாயில்லை. இதைவிட முக்கியமான காரணமும் உண்டு. பிசுக்கு ஒட்டுவதை மட்டும் சொல்கிறது; ஓடுவதைச் சொல்வதில்லை. இந்த அச்சுமுறையிலோ மை எவ்வளவு ஒட்டும், எவ்வளவு ஓடும் என்ற இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. இயற்பியலார் ஒட்டுந்தன்மையையும் ஓட்டத்தடையையும் வெவ்வேறாக அளப்பார்கள். அச்சோவியர்கள் இரண்டையும் விஸ்காசிட்டி என்ற ஒரே பெயரில் சற்றுத் தாராளமாகவே அழைக்கிறார்கள்.

பாகு இந்த இரண்டையும் ஏந்திக்கொள்ளும் சொல். நல்வழியின் கடவுள் வாழ்த்தில் ஔவை பாலோடும் தேனோடும் பாகையும் வைத்திருப்பதால் அதன் பழமையைப் பற்றி ஐயமில்லை. வெல்லப்பாகு காய்ச்சுகிறவர் கரண்டியை உயர்த்தி அது எப்படி விழுகிறது என்று பார்க்கிறார். விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே தொட்டு இழுத்துக் கம்பி விழுகிறதா என்றும் பார்க்கிறார். முன்னது ஓட்டம், பின்னது ஒட்டு. அச்சுப் பட்டறையிலும் மையைக் கத்தியால் தூக்கி அது ஒழுகும் விதத்தைக் கண்டே இளக்கத்தை ஒப்பிடுகிறார்கள். ஒப்புமை இத்துடன் முடியவில்லை. மையில் சேர்க்கும் ஆளிவிதை எண்ணெயும் காய்ச்சப்பட்டதே. காய்ச்சும் அளவைப் பொறுத்து அது இளகலாகவும் நடுத்தரமாகவும் கெட்டியாகவும் கிடைக்கிறது. அதிரசத்துக்கு ஒரு பதம், கடலை உருண்டைக்கு ஒரு பதம் என்று பாகை வகைப்படுத்திய மொழிக்கு இது புதிய செய்தியன்று. உண்மையில், இம்முறையை இயக்குவது இளக்கத்தின் வேறுபாடு என்பதால் ‘பதவேற்றுமை அச்சு’ என்று சொன்னால் ஆங்கிலப் பெயரைவிடத் துல்லியமாக இருக்கும். எனினும் பதம் என்பதற்குச் சொல் என்ற பொருளும் இருப்பதால், அச்சு என்பதன் பக்கத்தில் அது வந்தால் வாசகர் எழுத்துப்பிழை பற்றிய ஏதோ ஒன்று என்று எண்ணக்கூடும். பாகுநிலையே இருக்கட்டும்.

பெயரின் பிற்பாதியான ‘பிரிண்ட்’டுக்குப் பதிப்பு என்று எழுதுவோரும் அச்சு என்று எழுதுவோரும் உண்டு. ஒரு தகட்டிலிருந்து ஐம்பது படிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 12/50 என்பதுபோல் எண்ணிட்டுக் கையொப்பமிடுவது இக்கலையின் மரபு. அந்த ஐம்பதின் தொகுதியைக் குறிக்கப் பதிப்பு என்ற சொல் தேவைப்படுகிறது. ஆகவே தனித்தாளை அச்சு என்றோ அச்சோவியம் என்றோ சொல்வது குழப்பம் தராது. பாகும் அச்சும் தமிழில் முன்பே சந்தித்தவைதாம்: காய்ச்சிய பாகை அச்சில் வார்த்தால் அச்சுவெல்லம்.

ஒரு மறுப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1988இல் இம்முறையை விளக்கி கிருஷ்ண ரெட்டி எழுதிய நூலின் தலைப்பில் விஸ்காசிட்டி என்ற சொல் இல்லை; ‘ஒரே நேரத்தில் பல வண்ணம்’ என்ற பொருள் தரும் தொடரையே அவர் அங்கே வைத்திருக்கிறார். மையின் தன்மை அவருக்குக் கருவி மட்டுமே; வண்ணங்கள் ஒருசேரத் தாளில் இறங்குவதே முறையின் உயிர் என்று அவர் கருதியிருக்க வேண்டும். அவர் கருத்தை மதித்து எழுத விரும்புவோர் ‘ஒருசேர வண்ண அச்சு’ எனலாம். ஆனால் கண்காட்சிச் சீட்டுகளும் கலைக்கல்லூரிகளும் விஸ்காசிட்டி என்றே பழகிவிட்ட நிலையில், அதைக் கேட்டு வருபவர் அடையாளம் கண்டுகொள்ளும் பெயரை முன்னே வைத்து, மற்றதை விளக்கத்தில் சேர்ப்பது நடைமுறைக்கு உகந்தது. அடிக்குறிப்பு இப்படி அமையலாம்: கிருஷ்ண ரெட்டி, ‘நீர்ச்சுழி’, 1963, பாகுநிலை வண்ண அச்சு.