படைவீரர் கூடத்தில் பாடம் கேட்குமா?

கியூபாவின் சாந்தியாகோ நகரில் மஞ்சள் நிறத்தில் நீண்டு கிடக்கிறது மொன்காடா ராணுவ முகாம். 1953 ஜூலை 26 அன்று ஃபிடல் காஸ்ட்ரோவும் தோழர்களும் இதைத் தாக்கித் தோற்றார்கள். சுவரில் விழுந்த குண்டு ஓட்டைகளை அப்போதைய சர்வாதிகாரி பாடிஸ்டாவின் ராணுவம் பூசி மறைத்தது. புரட்சி வென்றபின் அந்த ஓட்டைகளைத் திரும்பவும் போட்டார்கள். 1960 ஜனவரி 28, கவிஞர் ஹோசே மார்த்தியின் பிறந்த நாளில், முகாம் பள்ளிக்கூடமானது. ஒரு பகுதி இப்போது அருங்காட்சியகம். எனக்கு மிகவும் பிடித்த கட்டட மாற்றம் இது.

சரி, வீரர்கள் தூங்கிய கூடம் அப்படியே வகுப்பறை ஆகிவிடுமா? வெளிச்சமும் காற்றும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சிக்கல், சத்தத்தில்தான்.

காலியான பெரிய கூடத்தில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சத்தம் உடனே அடங்காது, சுவருக்குச் சுவர் மோதி இழுத்துக்கொண்டே போகும். அது பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம். ஹார்வர்டில் சாபின் என்ற இயற்பியலாளர் 1890களில் இருக்கை மெத்தைகளை அறைக்கு அறை தூக்கிப்போய் வைத்து இதற்குக் கணக்கு கண்டுபிடித்தார். அறையின் கொள்ளளவு கூடினால் நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும்.

30 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரமுள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் வெறும் சாந்துப் பூச்சு என்றால் சுமார் 7 விநாடி வருகிறது. வகுப்பறைக்கு வேண்டியதோ 0.6, 0.7 விநாடிதான். அதட்டிச் சொல்லும் ஒற்றைச் சொல் கட்டளை அங்கே எடுபடும், பாடம் எடுபடாது. 'பாடம்' என்று ஆசிரியர் சொன்னால் 'பா'வின் இழுவை அடுத்து சன்னமாக வரும் 'ட'வை மூடிவிடும். கடைசி பெஞ்சுக் குழந்தைக்கு அது பாடமா, பாரமா, பாதமா?

குறுக்குச் சுவர் எழுப்பி மூன்று அறையாக்கி, ஒவ்வொன்றிலும் 40 பிள்ளைகளை உட்காரவைத்தாலும் 2 விநாடிக்கு மேல்தான் நிற்கிறது. பிள்ளைகளின் உடலும் உடுப்பும் ஒலியை உறிஞ்சும், ஆனால் போதாது. கூரைக்கடியில் மென்மையான, நுண்துளைகள் உள்ள பலகைகளைப் பதித்தால்தான் 0.7க்கு இறங்குகிறது. அப்புறம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளியே போன ஒலி திரும்பி வராது. சாபின் தன் அளவீட்டுக்கு அலகாக வைத்துக்கொண்டதே திறந்த ஜன்னலைத்தான்.