உரைக்கு எதற்கு நினைவு நாள்?

தருமபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறை அழைப்பிதழ் வாட்சாப்பில் வந்தது. “வின்ஸ்டன் சர்ச்சில் இரும்புத்திரை உரை – 80ஆவது நினைவு தினம்” என்று கொட்டை எழுத்து, ஓரத்தில் சர்ச்சில் படம். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “இந்த ஆளு செத்து எம்பது வருசம் ஆயிடுச்சா?” என்றார். அவர்மேல் குற்றமில்லை. சர்ச்சில் இறந்தது 1965 ஜனவரி 24. அழைப்பிதழைப் படிப்பவருக்கு அவர் மார்ச் 5ஆம் தேதி இறந்தவர் ஆகிவிடுகிறார்.

மார்ச் 5இல் நடந்தது வேறு. 1946இல் அந்த நாளில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் சிற்றூரான ஃபுல்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் அவர் பேசினார். முந்தைய ஆண்டுத் தேர்தலில் தோற்று பிரிட்டன் பிரதமர் பதவியை இழந்திருந்த நேரம். அதே மாநிலத்துக்காரரான குடியரசுத் தலைவர் ட்ரூமன் கூடவே ரயிலில் வந்து அவரை மேடையில் அறிமுகம் செய்தார். பால்டிக் கரையின் ஸ்டெட்டினிலிருந்து அட்ரியாட்டிக் கரையின் ட்ரியெஸ்ட் வரை ஐரோப்பாவின் குறுக்கே ஓர் இரும்புத்திரை இறங்கிவிட்டது என்று அங்கேதான் சொன்னார். சோவியத் பிடிக்குள் போன கிழக்கை மேற்கிலிருந்து பிரித்த எல்லையைத்தான் அப்படிச் சொன்னார். பனிப்போரைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்த உரையைத் தொடாமல் போவதில்லை. லண்டனில் குண்டுவீச்சில் சிதைந்த ஒரு தேவாலயத்தின் கற்களைக் கொண்டுவந்து அந்தக் கல்லூரியில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். பெர்லின் சுவரின் துண்டுகளில் சர்ச்சிலின் பேத்தி செய்த சிற்பம் அங்கே நிற்கிறது. சோவியத் ஒன்றியத்தின் கடைசித் தலைவர் கோர்பச்சேவும் 1992இல் அங்கே போய்ப் பேசினார். இன்னும் இப்படி ஊர்கூடிப் பேசப்படுகிற ஓர் உரைக்குத்தான் நாம் திதி கொடுக்கிறோம்.

ஆங்கிலத்தில் ‘ஆனிவர்சரி’. லத்தீனில் ‘ஆன்னுஸ்’ என்றால் ஆண்டு, ‘வெர்த்தெரே’ என்றால் திரும்புதல். ஆண்டுதோறும் திரும்பி வருவது என்று பொருள், அவ்வளவுதான். (ஆன்னுஸும் ஆண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவே என்று இங்கே ஒருவர் எழுந்து நிற்பார். உட்காரச் சொல்லுங்கள்.) இடைக்கால ஐரோப்பாவில் அந்தச் சொல்லும் புனிதர்களின் இறந்த நாளைத்தான் பெரும்பாலும் குறித்தது. பிறகு திருமணம், போர், சட்டம், கட்டடம் என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. தமிழில் ‘நினைவு நாள்’ அப்படிப் பரவவில்லை.

பாப்பாரப்பட்டியில் போய்ப் பாருங்கள். சுப்பிரமணிய சிவா அங்கே 1925 ஜூலை 23இல் மறைந்தார். சிவா நினைவு நாள் என்றால் அந்த ஊரில் யாரும் “எந்த நினைவு?” என்று கேட்பதில்லை. அவர் பிறந்த அக்டோபர் 4 பிறந்த நாள். அதை நினைவு நாள் என்று எவரும் எழுதத் துணிய மாட்டார்கள். 1908இல் தூத்துக்குடியில் பேசிய பேச்சுகளுக்காக அவரைச் சிறைக்கு அனுப்பினார்களே, அந்தப் பேச்சுகளையும் நாம் நினைக்கிறோம். அதற்காக அவற்றுக்கு மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்துவதில்லை. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9இல் பிரிந்தது. இவற்றை ‘மாவட்ட நினைவு தினம்’ என்று ஓர் அலுவலகம் சுற்றறிக்கை விட்டால் நாம் என்ன நினைப்போம்?

இதைச் சொன்னால் மறுப்பவர்கள் தயாராக வைத்திருக்கும் விடை: நினைவுகூர்கிறோம், ஆகவே நினைவு நாள். நினைவுப் பரிசு உயிரோடிருப்பவருக்குத்தானே கொடுக்கிறோம் என்றும் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் ‘நினைவு’ எதோடு சேர்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். பரிசோடு சேர்ந்தால் மகிழ்ச்சி. நாள், இல்லம், மண்டபம், அஞ்சலி, ஏந்தல் இவற்றோடு சேர்ந்தால் ஆள் போய்விட்டார். ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவர் வீட்டு வாசலில் ‘நினைவு இல்லம்’ என்று பலகை மாட்டிப் பார்க்கட்டும், மறுநாள் என்ன நடக்கிறதென்று தெரியும். சொற்களைத் தனித்தனியே பிரித்து அகராதியில் பொருள் பார்த்துவிட்டு, கூட்டியதும் அதே பொருள்தான் வரும் என்று நம்புகிறவர்களோடு பேசுவது கடினம்.

வினையைக் கவனித்தாலும் குழப்பம் புரியும். நினைவு நாளை அனுசரிப்போம், கடைப்பிடிப்போம். கொண்டாட மாட்டோம். இந்த அழைப்பிதழிலோ கீழே ‘கொண்டாட்டம்’ என்று போட்டிருக்கிறது. தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரிகளிலும் ‘நினைவு தினம் கொண்டாடப்பட்டது’ சர்வசாதாரணமாக வருகிறது.

தனித்தமிழ் அன்பர் ஒருவர், “தினத்தை எடுத்துவிட்டு நாள் போடுங்கள், சரியாகிவிடும்” என்றார். வடசொல்லை நீக்கியதும் பிழையும் நீங்கிவிடும் என்றால் நானும் காலையிலிருந்து மாலை வரை நீக்கிக்கொண்டே இருப்பேன். இங்கே தொல்லை சொல்லின் பிறப்பில் இல்லை, அது காட்டும் பொருளில். வடசொல் மட்டும் எல்லோருக்கும் ஒரே பொருள் தருகிறதா என்ன? ஓசூர்ப் பக்கம் கேளுங்கள்: ‘வர்தந்தி’ என்றால் தெலுங்கருக்கு இறந்த நாள், கன்னடருக்குப் பிறந்த நாள். இரண்டு மொழியும் பேசுகிற ஊரில் சுவரொட்டி அடிப்பவர் பாடு திண்டாட்டம்.

இன்னொரு போட்டிச் சொல் ‘ஆண்டு விழா’. அது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நடனமாடுவதும், தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பதும். ‘திருமண ஆண்டு விழா வாழ்த்துகள்’ என்று கைப்பேசி மொழிபெயர்ப்பு எழுதிக் கொடுப்பதை அப்படியே அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நம் வீடுகளில் அது எப்போதும் கல்யாண நாள்தான். தமிழுக்கு இந்த இடத்தில் தனிச்சொல் தேவைப்படவே இல்லை. நடந்தது எதுவோ அதன் பெயரோடு நாள் சேர்த்தால் முதல் ஆண்டுக்கும் ஐம்பதாம் ஆண்டுக்கும் அதுவே போதும்.

எத்தனை ஆண்டு என்று சொல்ல வேண்டியிருந்தால் ‘ஆண்டு நிறைவு’ இருக்கிறது. குழந்தைக்கு ஆண்டு நிறைவு செய்கிறோம், ஆட்சிக்கு ஆண்டு நிறைவு சொல்கிறோம். நிறைவு என்றால் முடிந்துபோனது என்று ஆகாதா என்கிறார்கள். நிறைவு விழா என்றால் ஆகும். ‘80 ஆண்டு நிறைவு’ என்றால் நிறைந்தது ஆண்டுதான், உரை அல்ல.

இதில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை தெளிவாவது. ‘80ஆம் ஆண்டு’ என்றால் நடந்துகொண்டிருக்கும் ஆண்டு. ஃபுல்டன் உரையின் 80ஆம் ஆண்டு 2025 மார்ச் 5இல் தொடங்கி 2026 மார்ச் 4இல் முடிந்தது. 5ஆம் தேதி பிறந்தது 81. நம் வட்டாரத்து நடுகற்களில் அரசன் பெயருக்குப் பின் ‘யாண்டு’ என்று போட்டு ‘ஆவது’ சேர்த்து வெட்டியிருப்பதும் அந்த நடப்பாண்டுக் கணக்கே. அதை மறந்ததால்தான் 2021 ஆகஸ்ட் 15ஐ 75ஆவது சுதந்திர தினம் என்றபோது பாதிப்பேர் 75 ஆண்டு முடிந்ததாக எண்ணினார்கள். முடிந்தது 2022இல், 76ஆவது சுதந்திர தினத்தன்று. கருணாநிதி நூற்றாண்டு விழாவும் 2023 ஜூன் 3இல் தொடங்கியது. நூறு நிறைந்தது 2024இல். தொடக்கத்தைக் கொண்டாடுவது தவறில்லை. எதைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். ‘சர்ச்சிலின் ஃபுல்டன் உரை: 80 ஆண்டு நிறைவுக் கருத்தரங்கு’ என்று போட்டிருந்தால் ஒருவருக்கும் ஐயம் வந்திராது.

அழைப்பிதழின் உள்பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. சர்ச்சில் அந்த உரைக்கு வைத்த ‘சினியூஸ் ஆஃப் பீஸ்’ என்ற தலைப்பை ‘சமாதானத்தின் தசைநார்கள்’ என்று பெயர்த்திருக்கிறார்கள். எலும்பு முறிவு மருத்துவர் பேச வருகிறாரோ என்று தோன்றும். போருக்கு நரம்பு அளவற்ற பணம் என்றார் ரோமானியர் சிசரோ. அந்தப் பழைய தொடரில் போரை எடுத்துவிட்டு அமைதியை வைத்தார் சர்ச்சில். உடலைத் தாங்கி நிறுத்துகிற வலு என்பதே கருத்து. ‘அமைதிக்கு வேண்டிய வலு’ என்று நான் எழுதுவேன். ‘அமைதிக்கு உரம்’ இன்னும் அழகுதான். ஆனால் நம் பக்கத்தில் அதைப் படித்ததும் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா வந்துவிட்டதா என்று கேட்பார்கள்.