தொலைநோக்கி வாங்கும் முன் இருட்டைத் தேடுங்கள்

தாம்பரம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் வானியல் வகுப்பும் இரவு வான்நோக்கு நிகழ்ச்சியும் நடத்துவது என் வேலை. நிகழ்ச்சி முடிந்து தொலைநோக்கியை உறையில் வைக்கும் நேரத்தில் பெரும்பாலும் ஒரு அப்பாவோ அம்மாவோ தயங்கியபடி வந்து நிற்பார். "சார், பையனோட பிறந்தநாளுக்கு டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தோம். நிலா தெரியுது, வியாழன் தெரியுது. வேற ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இன்னும் பெரிசா வாங்கணுமா?"

வேண்டாம் என்பதுதான் என் பதில். கருவியில் குறை இருப்பது அபூர்வம், குறை வானத்தில்தான். நிலாவும் கோள்களும் எந்த வெளிச்சத்தையும் மீறித் தெரியும். தொலைவிலுள்ள கேலக்சிகள், நெபுலா எனும் வாயு முகில்கள், பால்வீதி போன்ற மங்கலானவற்றுக்கு இருண்ட வானம் வேண்டும். மேடவாக்கம் மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி காட்டாததை, உத்திரமேரூர் தாண்டிய ஒரு வயல்வரப்பில் சாதாரண பைனாகுலர் காட்டிவிடும்.

அடுத்த கேள்வி: "அப்ப காவலூர் போகணுமா?" ஜவ்வாது மலையில் வானியலாளர் வைனு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது, 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வானாய்வகம். வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் சென்னையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். அங்கே வருடத்துக்கு ஒருமுறை போவதைவிட, ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஓரளவு இருட்டான இடத்துக்கு மாதம் ஒருமுறை போகிற பிள்ளைதான் வானத்தைக் கற்றுக்கொள்கிறது. என் வகுப்புகளில் நான் மறுபடியும் மறுபடியும் பார்த்தது இது.

இடம் தேடக் கிளம்பும் முன், நம் வானத்தைக் கெடுக்கும் வெளிச்சத்தில் இரண்டு வகை உண்டு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நேராகக் கண்ணில் அடிக்கும் விளக்கு: எதிர்வீட்டு போர்டிகோ பல்பு, தெருமுனை ஹைமாஸ்ட், கல்யாண மண்டபத்து ஃபோகஸ் லைட். இதை ஒரு சுவர் மறைத்துவிடும். மாடியில் தண்ணீர் டேங்க்கின் நிழலில் நாற்காலியைப் போட்டாலே பாதி பிரச்சினை தீரும். இன்னொன்று, ஊர் முழுவதின் வெளிச்சமும் மேலே போய், காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் சிதறி வானத்தையே வெளிறச் செய்வது. வானொளிர்வு என்று சொல்கிறோம். இதை எந்தச் சுவரும் மறைக்காது. விலகிப் போவது ஒன்றுதான் வழி.

எவ்வளவு விலகுவது? மெர்ல் வாக்கர் என்ற வானியலாளர் 1970களில் இதை அளந்து ஒரு கணக்குச் சொன்னார்: நகரத்தின் வானொளிர்வு தூரத்தின் இரண்டரையாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதாவது, 20 கிலோமீட்டரில் இருப்பவர் 40 கிலோமீட்டருக்கு நகர்ந்தால் அந்த நகரத்தின் ஒளிர்வு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே முதல் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர்தான் அதிகப் பலன் தருவது. அதற்குப் பிறகு பக்கத்துச் சிற்றூர்களின் வெளிச்சம் குறுக்கே வரும். அங்கே தூரத்தைவிடத் திசைதான் முக்கியம்.

திசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் யோசிப்பதில்லை. நாம் 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறோம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் ஏங்கும் தென்வானம் நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. அகத்திய நட்சத்திரம், தென்சிலுவை, விருச்சிகத்தை ஒட்டிய பால்வீதியின் மையம் எல்லாம் நமக்குத் தெற்கில்தான். நகரின் வடக்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ இடம் பிடித்தால் சென்னையின் ஒளிர்வு தெற்கிலோ கிழக்கிலோ நின்று, பார்க்க வேண்டிய பகுதியைத் தின்றுவிடும். தெற்கே போனால் அந்த வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை விளக்குகள் வேறு. ஆகவே தாம்பரம், வண்டலூர்க்காரர்களுக்கு நான் சொல்வது இரண்டு பாதைகள். ஒன்று, ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கத்து வயல்வெளிகள். இன்னொன்று, ஈசிஆரில் கல்பாக்கத்தைத் தாண்டி, ஆலம்பரைக் கோட்டை இருக்கும் கடப்பாக்கம் வரையிலான பகுதி. மேலும் தெற்கே இறங்கினால் புதுச்சேரியின் வெளிச்சம் எதிரே எழும்பத் தொடங்கும்.

கடற்கரையில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். கிழக்கே ஊரே இல்லை என்பதால் அந்தப் பக்கம் நல்ல இருட்டு. மாசி, பங்குனியில் விடியலுக்கு முன் மூன்று, நான்கு மணிக்குப் போனால் பால்வீதி தென்கிழக்கே கடலின் மேல் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் உப்பும் ஈரமும் கலந்த காற்று தொடுவானத்தை ஒட்டிய பகுதியை மங்கலாக்கும், லென்ஸில் ஈரம் படியும், மீன்பிடிப் படகுகளின் விளக்கும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும் காலம். மணலில் டார்ச் அடிக்காதீர்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து, கடலை விட்டுவிட்டுச் சாலைப் பக்கம் போய்ச் சாகின்றன.

ஒளி மாசு வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆரம்பத்துக்கு நல்லவைதான், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். அவற்றில் பல, செயற்கைக்கோளின் விஐஐஆர்எஸ் கருவி எடுத்த படங்களை வைத்து உருவானவை. அந்தக் கருவி 500 நானோமீட்டருக்குக் கீழேயுள்ள நீல ஒளியைப் பதிவு செய்யாது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்ட ஊர், வெளிச்சம் குறைந்துவிட்டது போல வரைபடத்தில் தெரியலாம். நம் கண்ணுக்கோ வானம் முன்பைவிட வெளிறிப் போயிருக்கும், ஏனென்றால் காற்றில் அதிகம் சிதறுவது நீலம்தான். சயின்ஸ் இதழில் 2023-இல் வந்த ஓர் ஆய்வு, பொதுமக்கள் வெறும் கண்ணால் பார்த்துப் பதிந்த விவரங்களை வைத்து, 2011 முதல் 2022 வரை இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளிச்சமாகிவந்தது என்று கணக்கிட்டது. இந்த வேகம் தொடர்ந்தால், ஓரிடத்தில் ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன்கள் தெரிந்தால், அதற்குப் பதினெட்டு வயதாகும்போது சுமார் நூறுதான் மிஞ்சும். இந்த எண்ணை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கருவி இல்லாமல் வானத்தை அளக்க நம் பாட்டிகள் வைத்துவிட்டுப் போன வழிகள் இருக்கின்றன. சங்க இலக்கியத்தில் கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குப் பெயர் அறுமீன். மார்கழி முதல் மாசி வரை முன்னிரவில் கிட்டத்தட்ட தலைக்கு மேல் இருக்கும். எண்ணிப் பாருங்கள். வெறும் புகை போலத் தெரிந்தாலோ மூன்று, நான்கோடு நின்றாலோ அங்கே மேலும் தேட வேண்டாம். ஆறும் தனித்தனியாகத் தெரிந்தால் பொலிவெண் (விண்மீனின் பிரகாசத்தைச் சொல்லும் எண், எண் கூடக் கூட விண்மீன் மங்கல்) 4.3 வரை உங்கள் கண் எட்டுகிறது. ஏழு, எட்டு என்று போனால் அந்த இடத்தை விடாதீர்கள். சித்திரை, வைகாசியில் அருந்ததியைப் பாருங்கள்: வடக்கே சப்தரிஷி மண்டலத்து வாலின் நடுவிலுள்ள வசிட்டரை ஒட்டி நிற்கும் சின்னப் புள்ளி, பொலிவெண் 4. இன்று கல்யாணத்தில் பட்டப்பகலில் விதானத்தைக் காட்டி அருந்ததி பார்த்தாயா என்று கேட்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தலையாட்டுகிறார்கள். இரவில் ஒருமுறை உண்மையாகவே பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கண் எட்டும் பொலிவெண் ஒன்று கூடினால் தெரியும் விண்மீன்கள் ஏறக்குறைய மூன்று மடங்காகும். 4 வரை எட்டும் வானத்தில் ஒரே நேரத்தில் சுமார் 250. 5 என்றால் 800. 6 என்றால் 2,400-க்குக் குறையாது. இந்த அளவுகோலுக்குக் கணித வடிவம் கொடுத்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891 வரை நுங்கம்பாக்கத்திலிருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். அங்கே அவரோடு இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற, ஒளி கூடியும் குறைந்தும் மாறும் மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். நம் ஊரிலிருந்து பார்த்தால் அது தெற்குத் தொடுவானத்துக்கு மேலே 14 பாகை, கையை நீட்டி, மடக்கிய முட்டியால் அளந்தால் ஒன்றரை முட்டி உயரத்துக்கு மேல் ஏறாது. நுங்கம்பாக்கத்தில் இன்று அந்தத் திசையில் வெளிறிய மூட்டம் மட்டும்தான்.

இடத்தை முதலில் பகலில் போய்ப் பாருங்கள். நான் தேடுபவை: தெற்கே மரமில்லாத வெளி, கண்ணுக்கெட்டிய தூரத்தில் டோல்கேட்டும் ஹைமாஸ்ட் கம்பமும் இல்லாமை, வண்டியை நெடுஞ்சாலைக்கு வெளியே நிறுத்த வழி. பிறகு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். "ராத்திரி அந்த மோட்டார் ரூம் லைட்டு எரியுமாண்ணா?" என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்த வரைபடத்திலும் இல்லை. இரவில் முக்காலியும் குழாயுமாக அந்நியர்கள் வயலில் நின்றால் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே? ஒருமுறை நாங்கள் சொல்லாமல் போய், பம்புசெட் திருடர்கள் என்று நினைத்துப் பத்துப் பேர் டார்ச்சோடு வந்துவிட்டார்கள். அதிலிருந்து நிலத்துக்காரரிடமும் ஊர்த் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், குழந்தைகளோடு போனால் காவல் நிலையத்திலும். காப்புக்காடுகளுக்குள் இரவில் போகவே கூடாது. ஏரிக்கரையிலும் வரப்பிலும் கண்ணாடி விரியன் நடமாடும் நேரம் அது. மூடிய ஷூ, தரையில் உட்காராமல் நாற்காலி, கால் வைக்குமிடத்தில் மட்டும் வெளிச்சம்.

நாள் குறிக்கத் தினசரி காலண்டர் போதும். அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாட்கள் நல்லவை. பௌர்ணமி கழிந்து நாலைந்து நாளானால் நிலா இரவு பத்து மணிக்கு மேல்தான் எழும், அதுவரை முன்னிரவு நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை மழையோடு போய்விடும். தை முதல் பங்குனி வரை சென்னைப் பக்கத்துக்கு நல்ல காலம். கோடையில் ஒரு மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் இரவு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணி வாக்கில் நேர் தெற்கே மூன்று முட்டி உயரத்தில் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து, கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளியாகத் தெரியும். பைனாகுலரில் பஞ்சு உருண்டை.

போய் இறங்கியதும் "ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் யாராவது வாட்ஸ்அப் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். கார் கதவைத் திறந்தால் உள்ளே எரியும் விளக்கையும் அணைத்து வையுங்கள். இதை மறக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

இவ்வளவுக்கும் நேரமில்லாதவர்கள் சொந்த மாடியிலிருந்து தொடங்கலாம். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் வாசல் விளக்கு இரவெல்லாம் எங்கள் மாடியை நோக்கி எரிந்துகொண்டிருந்தது. பல மாதம் மனதுக்குள் புழுங்கிவிட்டு ஒருநாள் நேரில் போய்க் கேட்டேன். "திருட்டு பயம் தம்பி, அதான்" என்றார். ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கை வாங்கி, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மூடி போட்டுப் பொருத்திக் கொடுத்தேன். கரண்ட் பில்லும் குறைகிறது என்று அவருக்கு மகிழ்ச்சி.

அந்த வாரம் அவர் பேத்தி எங்கள் மாடிக்கு வந்து, டேங்க் நிழலில் கால்மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, கார்த்திகையை விரல் விட்டு எண்ணினாள். ஐந்து என்றாள். எனக்கு நான்குதான் தெரிந்தது.