ஃபார்ஈச் யாருக்காகவும் காத்திருக்காது

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கொழுந்துக் கணக்குக்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சென்ற வாரம் என்னிடம் வந்தது. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுத்த எடைகளைச் சேவையகத்திலிருந்து எடுத்துக் கூட்டி, ஆளுக்கு இத்தனை கிலோ என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒருவருக்கு மூன்று நிறுவை: 18, 22, 15. கூட்டினால் 55. திரையில் பூச்சியம். அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டாலே சண்டை வரும் இடத்தில் பூச்சியம் கிலோ என்று காட்டினால் கணக்கப்பிள்ளையின் கதி என்ன?

திறந்து பார்க்கும் முன்பே காரணம் தெரிந்துவிட்டது. ஃபார்ஈச்சுக்குள் அவெய்ட். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைச் செய்ய வைப்பது ஃபார்ஈச் (forEach). பதில் வரும்வரை காத்திரு என்று சொல்வது அவெய்ட் (await). ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் தம்பி தங்கைகளின் நிரல்களைத் திருத்துவது என் தொழில். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

"அவெய்ட் போட்டிருக்கிறேனே அண்ணா, காத்திருக்காதா?" என்பார்கள். காத்திருக்கும். ஆனால் காத்திருப்பது நீங்கள் உள்ளே கொடுத்த சின்ன ஃபங்ஷன் மட்டும். ஃபார்ஈச் அதைக் கூப்பிடும், அது தரும் ப்ராமிஸை, அதாவது "பதில் பிறகு வரும்" என்ற உறுதியை, ஏறெடுத்தும் பார்க்காமல் அடுத்ததைக் கூப்பிடும், முடித்துக்கொண்டு போய்விடும். காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டு, யார் கொழுந்தோடு திரும்பினார்கள் என்று பார்க்காமலே வீட்டுக்குப் போகும் கங்காணி அது. ஃபார்ஈச்சுக்கு முன்னால் இன்னொரு அவெய்ட் போட்டும் பயனில்லை. அது திருப்பித் தருவது அன்டிஃபைன்ட். காத்திருக்க அங்கே எதுவுமே கிடையாது. அதைக் குறை சொல்லவும் முடியாது. ஃபார்ஈச் 2009இல் மொழியின் தரநிலைக்குள் வந்தது, அவெய்ட் 2017இல்தான் வந்தது.

பூச்சியம் வந்தால் கூட நல்லது, யாராவது கத்துவார்கள். அரைகுறையாகத் திருத்தியவர்களின் நிரல்தான் எனக்குப் பயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ராமிஸ் வாங்க மேப் போட்டு, அவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காத்திருக்க ப்ராமிஸ் ஆல் போட்டு, எல்லாம் முடியும்வரை ஒழுங்காகக் காத்திருப்பார்கள். உள்ளே மட்டும் "மொத்தம் += அவெய்ட் எடை" என்ற வரி அப்படியே கிடக்கும். அந்த வரி முதலில் மொத்தத்தைப் படித்து வைத்துக்கொள்ளும், பிறகுதான் காத்திருக்கும். ஆகவே மூன்றும் பூச்சியத்தைப் படித்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. பதில் வந்ததும் ஒவ்வொன்றும் பூச்சியத்தோடு தன் எடையைக் கூட்டி எழுதும். கடைசியாக வந்தது நிலைக்கும். மழை நாளில் சிக்னல் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்து இன்று 15, நாளை 22. பார்ப்பதற்கு உண்மையான எடை போலவே இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதென்றால் ஃபார் ஆஃப் (for...of) லூப். அதற்குள் அவெய்ட் சொன்னபடி நிற்கும். சேர்த்து எடுப்பதென்றால் ப்ராமிஸ் ஆல் தரும் அரேயை, அதாவது விடைகளின் பட்டியலை, கையில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு கூட்டுங்கள். நூற்றுக்கணக்கான நிறுவைகளை ஒரே மூச்சில் கேட்டுச் சேவையகத்தைத் திணறடிக்காதீர்கள். பகுதி பகுதியாகக் கேளுங்கள்.

அரேயில் ஃபார் இன் (for...in) லூப் வேண்டவே வேண்டாம். அது தருவது எடைகளை அல்ல, 0, 1, 2 என்ற சுட்டெண்களை, அதுவும் எழுத்துச் சரங்களாக. ஒன்றைக் கூட்டிப் பாருங்கள், 01, 11 என்று வரும். ஃபார்ஈச்சுக்குள் ரிட்டர்ன் எழுதினால் லூப் நிற்காது, அந்தச் சுற்று மட்டும் முடியும். சாதாரண ஃபார் லூப்பில் அரேயின் நீளத்தோடு ஒப்பிடும் இடத்தில் < குறியோடு சமக்குறியைச் சேர்த்தால் இல்லாத ஒன்றைக் கூட்டப் போய் மொத்தமே எண்ணாக இருக்காது. இதையெல்லாம் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது!

இன்னொன்று. நிரலில் பிழை தேடும் கருவியான ஈஎஸ்லின்ட்டில் (ESLint), லூப்புக்குள் அவெய்ட் இருந்தால் எச்சரிக்கும் விதி ஒன்று உண்டு. அந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஃபார் ஆஃப்பை ஃபார்ஈச்சாக மாற்றுகிறார்கள். எச்சரிக்கை மறைந்துவிடும், ஏனென்றால் அந்த விதி உள் ஃபங்ஷனுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வரிசையாகத்தான் ஓட வேண்டும் என்றால் அந்த ஓரிடத்தில் விதியை நிறுத்தி, ஏன் என்று மேலே ஒரு வரி எழுதி வையுங்கள்.