எண்ணெய் தேங்கும் நெஞ்சு

குடியாத்தத்தில் என் அக்கா வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தப்பாது. மகனை மல்லாக்கப் படுக்கவைத்து நல்லெண்ணெய் ஊற்றினால், மார்பின் நடுவில் ஒரு கரண்டி எண்ணெய் வழியாமல் அப்படியே தேங்கி நிற்கும். சின்ன வயதில் அது விளையாட்டாக இருந்தது. பதின்மூன்று வயதானதும் கிணற்றில் இறங்கும்போதுகூட அவன் பனியனைக் கழற்றுவதில்லை. "வளர வளரச் சரியாகிடும்" என்றார்கள். வளர வளரக் குழி ஆழமானதுதான் மிச்சம்.

இதைக் குழி நெஞ்சு என்போம். (நெஞ்சுக்குழி வேறு, அது எல்லாருக்கும் உண்டு.) ஏறக்குறைய 300, 400 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது, ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். விலா எலும்புகளை நடு மார்பெலும்போடு சேர்ப்பது குருத்தெலும்பு. மூக்கு நுனியை அழுத்தினால் வளைகிறதே, அந்த மாதிரிப் பொருள். அது சீரில்லாமல் வளர்ந்து மார்பெலும்பை உள்ளே தள்ளிவிடுகிறது. குழி ஆழமானால் இதயம் இடப்பக்கம் ஒதுங்கும், ஓடினால் மூச்சு வாங்கும். சிடி ஸ்கேனில் மார்பின் உள் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுப்பார்கள். சாதாரணமாக 2.5 அளவில் வரும். 3.25ஐத் தாண்டினால் ஆபரேஷன் பற்றிப் பேச்சு வரும்.

வேலூர் சிஎம்சியில் ரீவ் பெட்ஸ் என்ற மருத்துவர் நெஞ்சு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய அதே 1949 வாக்கில்தான், அமெரிக்காவில் ராவிட்ச் என்ற அறுவை மருத்துவர் குழி நெஞ்சுக்கு ஒரு முறையை வெளியிட்டார். மார்பின் முன்பக்கத்தைத் திறந்து, கோணலான குருத்தெலும்பை வெட்டி எடுத்து, மார்பெலும்பையும் அறுத்து நிமிர்த்துவது. பெரிய தழும்பு நிற்கும்.

டொனால்ட் நஸ் என்ற குழந்தைகள் அறுவை மருத்துவர் 1987இல் வேறு வழியில் போனார். பல்லுக்குக் கிளிப் போட்டு நகர்த்துகிறோம். வளைகிற குருத்தெலும்பை ஏன் வெட்ட வேண்டும்? உள்ளே ஒரு பட்டையை வைத்து மார்பெலும்பை மேலே தள்ளினால் போதாதா? எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

மயக்கம் கொடுத்த பின், மார்பின் இரு பக்கமும் அக்குள் ஓரமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல். பக்கவாட்டில் ஒரு சின்னக் கேமரா உள்ளே போகும். மெல்லிய அலுமினியத் தகட்டை மார்பின் மேல் வைத்து அளவெடுத்து, அதேபோல எஃகுப் பட்டையை வளைத்துக்கொள்வார்கள். நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு டைட்டானியம். அப்புறம், மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால் உள்ள இடுக்கில் ஒரு நீண்ட கருவியைத் திரையைப் பார்த்தபடியே மறுபக்கம் செலுத்த வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்கும் கட்டம் இதுதான், ஏனென்றால் இதயம் அங்கேயே துடித்துக்கொண்டிருக்கிறது. கருவியின் முனையில் நாடாவைக் கட்டி, அதனோடு பட்டையை அந்த வழியே இழுப்பார்கள். அப்போது அதன் வளைவு முதுகுப் பக்கம் பார்த்திருக்கும். பிறகு அதை 180 டிகிரி புரட்டுவார்கள். குழி கண்ணெதிரே மேலே எழும்பும்.

முதல் சில நாள் வலி கடுமையானது, அதை மறைக்கக் கூடாது. விலா நரம்புகளைக் குளிரால் உறையவைத்து வலியைக் குறைக்கும் முறை இப்போது இருக்கிறது. பட்டை நகர்ந்துவிடாமல் ஓரங்களில் பிடிமானம் வைக்கிறார்கள்.

பட்டை இரண்டு முதல் நான்கு ஆண்டு உள்ளே இருக்கும். அதுவரை வீட்டார் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இதயம் நின்றுபோய் அவசரத்தில் நெஞ்சை அழுத்த நேர்ந்தால் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தேவை. குருத்தெலும்பு புது வடிவத்துக்குப் பழகியதும், பழைய தழும்பு வழியாகவே பட்டையை உருவிவிடுவார்கள்.

அக்கா மகனுக்குப் பட்டையை எடுத்தாயிற்று. போன சனிக்கிழமை ஊற்றிய எண்ணெய் விலா வழியாகப் பாயில் வழிந்தது.